சிசேரியன் வயிறு: கேட்கத் தயங்கிய கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை, அதனால் வேறு எதையும் எடுக்காமல் முழுப் பக்கத்தையும் அதற்கே கொடுத்துவிட்டேன். உலகில் நடக்கும் பிரசவங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் சிசேரியன்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கணக்கு 21 சதவீதம். மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு மறுநாளே பயிற்சி தொடங்கிவிடுகிறது. வயிற்றைத் திறந்து மூடிய பெண்ணுக்கோ தையலைப் பார்த்துவிட்டு "எல்லாம் நன்றாக இருக்கிறது, போய் வாருங்கள்" என்பதோடு பல நேரம் முடிந்துவிடுகிறது. ஒரு இயன்முறை மருத்துவராக எனக்கு இதில் இருக்கும் கோபம் பதில்களில் அங்கங்கே தெரியலாம்.

கேள்வி: மேடம், சிசேரியன் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. வயிறு இன்னும் ஐந்து மாதக் கர்ப்பம் போலவே இருக்கிறது. தினமும் சிட்-அப் எடுக்கிறேன், குறைந்தபாடில்லை. எழும்போது நடு வயிறு கூம்பாகத் துருத்திக்கொண்டு வருகிறது. வெட்டிய தசை ஒட்டவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், தசை அங்கேதான் இருக்கிறது. சிசேரியனில் வயிற்றுத் தசையைப் பெரும்பாலும் வெட்டுவதே இல்லை. தோல், கொழுப்பு, தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான சவ்வு ஆகியவற்றை வெட்டுவார்கள். அப்புறம் நடுவில் நெடுக்காக ஓடும் இரண்டு தசைகளையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலக்கிவிட்டு, உள்சவ்வையும் கர்ப்பப்பையையும் திறப்பார்கள். அடிவயிற்றில் குறுக்காகப் போடும் இந்த வெட்டை 1900-இல் விவரித்தவர் பன்னென்ஸ்டீல் என்ற ஜெர்மன் மருத்துவர். இன்றைக்கும் அதுவும் அதன் மாற்று வடிவங்களும்தான் பழக்கத்தில் இருக்கின்றன.

பலத்துக்குக் காரணமான அந்தக் கெட்டிச் சவ்வு மெதுவாகத்தான் ஆறும். ஆறு வாரத்தில் பழைய வலிமையில் பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும், முக்கால் பங்குக்கு மேல் வர ஆறேழு மாதம் பிடிக்கும். ஆனால் வெளித்தோல் சீக்கிரமே ஒட்டிக்கொண்டுவிடுவதால் எல்லாம் ஆறிவிட்டது என்று நாமும் நினைக்கிறோம், நம்மைச் சுற்றியிருப்பவர்களும் நினைத்துவிடுகிறார்கள். கர்ப்பப்பையும் பிரசவம் முடிந்தவுடன் ஏறக்குறைய ஒரு கிலோ இருந்தது ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும், ஆக நான்காவது மாதத்தில் நீங்கள் பார்க்கும் வயிறு கர்ப்பப்பை அல்ல. கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் நீண்டுபோன தோல், மீதி சரியாக வேலை செய்ய மறந்துபோன தசை.

இப்போது அந்தக் கூம்பு. இரண்டு நெடுந்தசைகளையும் நடுவில் இணைக்கும் சவ்வு, குழந்தை வளர வளர விரிந்துகொடுக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் அந்த இடைவெளி அகலமாகவே நின்றுவிட்டால் அதற்கு டயாஸ்டாசிஸ் ரெக்டை என்று பெயர். இதற்கும் சிசேரியன் வெட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, சுகப்பிரசவத்திலும் வரும். நார்வேயில் முதல் குழந்தை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கும், ஆறாவது மாதத்தில் 45 சதவீதம் பேருக்கும், ஒரு வருடம் ஆனபோதும் மூன்றில் ஒருவருக்கும் இந்த இடைவெளி இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, இடைவெளி இருந்தவர்களுக்கு இல்லாதவர்களைவிட இடுப்புவலி அதிகமாக இல்லை. "இடைவெளி இருந்தால் முதுகு போய்விடும்" என்று யாராவது பயமுறுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்கு மேல் விரல்களைக் குறுக்கே வைத்துக்கொண்டு, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள், இரண்டு பக்கத் தசைகளும் இறுகி விரல்களை நெருக்கும். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது என்று தொப்புளுக்கு மேலும் கீழும் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் என்றால் இடைவெளி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை விரல் என்பதைப் போலவே முக்கியமானது, அழுத்தும்போது அடியில் கெட்டியாகத் தடுக்கிறதா, இல்லை விரல் ஆழமாகப் புதைகிறதா என்பது. இரண்டரை விரல் அகலத்தோடு வயிறு நல்ல கெட்டியாக வேலை செய்கிற பெண்கள் நிறைய இருக்கிறார்கள்.

சிட்-அப்பை இப்போதைக்கு நிறுத்திவைத்துவிட்டு அதற்கு அடியிலிருந்து தொடங்குங்கள். வயிற்றின் ஆழத்தில், இடுப்பைச் சுற்றிக் கட்டிய பட்டை போல ஒரு குறுக்குத் தசை இருக்கிறது. அது மூச்சோடு சேர்ந்து வேலை செய்யும். படுத்தபடி மூக்கால் மூச்சை இழுங்கள், விலாவும் வயிறும் விரியட்டும். வாயால் மெதுவாக விடும்போது கீழே சிறுநீரை அடக்குவது போல உள்ளே இழுத்துத் தூக்கி, தொப்புளுக்குக் கீழ்ப்பகுதியை மென்மையாக உள்வாங்குங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு வயிற்றை எக்கினால் அது வேறு, அதனால் பயன் இல்லை. பத்து முறை, ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை போதும். இது பிடிபட்டதும் அதே மூச்சை விட்டபடி ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி மடக்குங்கள், அடுத்து மடித்த ஒரு முழங்காலைப் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள், அடுத்து இடுப்பைத் தூக்கும் பாலம், பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று எதிரெதிர் கையும் காலும் நீட்டுவது, சுவரில் கை ஊன்றிப் பிளாங்க் (உடம்பைப் பலகை போல நேராக வைத்துத் தாங்குவது), முழங்கால் ஊன்றிப் பிளாங்க். எந்தப் படியிலாவது கூம்பு எழும்பினாலோ மூச்சு நின்றாலோ ஒரு படி கீழே வாருங்கள். அந்தக் கூம்பு ஆபத்து மணி அல்ல, "இந்தப் பாரம் இப்போது எனக்கு அதிகம்" என்று வயிறு சொல்வது, அவ்வளவுதான்.

சிட்-அப் என்றைக்குமே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். நார்வேயிலேயே 2023-இல் வந்த இன்னொரு ஆய்வில், இடைவெளி இருந்த தாய்மார்கள் 12 வாரம் தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சி செய்தார்கள். இடைவெளி பெரிதாகவில்லை, வயிற்றின் பலம் கூடியது. அவர்கள் பிரசவமாகி ஆறு மாதத்துக்கு மேல் ஆனவர்கள், அதையும் கவனியுங்கள். உங்களுக்கும் அந்த நாள் வரும்.

கேள்வி: தழும்புக்கு மேலே சதை மடிந்து தொங்குகிறது. அந்த இடம் மரத்துப்போய்க் கிடக்கிறது, துணி பட்டால் மட்டும் சுருக்கென்று இருக்கிறது. எட்டு மாதமாகிறது, குளிக்கும்போதுகூட நான் அதைத் தொடுவதில்லை.

தொடாமல் இருப்பது நீங்கள் மட்டும் இல்லை. தழும்பைப் பற்றிப் பேசும்போது பல பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

வெட்டும்போது தோலின் சின்னச் சின்ன நரம்புகளும் அறுபடும். அவை மெதுவாக வளரும், அதுவரை மரப்பும் கூச்சமும் எரிச்சலும் கலந்தே இருக்கும். மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும், சிலருக்கு ஒரு சிறு இடம் மட்டும் நிரந்தரமாக மரத்துப் போவதும் உண்டு, அதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை. அந்த மடிப்பு உருவாக ஒரு காரணம், தழும்பு அடியிலுள்ள அடுக்குகளோடு ஒட்டிப் பிடித்து உள்நோக்கி இழுப்பது. மேலே இருக்கும் தோலும் கொழுப்பும் அதன்மேல் வழிந்து நிற்கின்றன.

காயம் முழுமையாக மூடி, பொருக்கோ கசிவோ இல்லாமல் இருந்தால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு தழும்பை நீவிவிடலாம், எட்டு மாதத்திலும் தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் உங்களுக்கு முதல் வேலை நீவுவது இல்லை. முதலில் உள்ளங்கையைத் துணிமேலேயே அங்கே வைத்து, சும்மா மூச்சு விடுங்கள். சில நாள் கழித்து வெறும் தோலில். அப்புறம் பஞ்சு, மெல்லிய துணி, கொஞ்சம் சொரசொரப்பான துண்டு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பழக்கினால், பட்டாலே சுருக்கென்ற அந்த உணர்வு மட்டுப்படும். பிறகு இரண்டு விரலால் தழும்புக்கு மேலும் கீழும் தோலை நகர்த்துங்கள், மேலே, கீழே, பக்கவாட்டில், வட்டமாக, தினம் ஐந்து நிமிடம். கடைசியில் தழும்பின் மீதே. இழுவிசை தெரியலாம், கூர்மையான வலி தெரியக் கூடாது. தடித்துச் சிவந்த தழும்பு என்றால் சிலிக்கோன் ஜெல்லோ பட்டையோ உதவும். தழும்பு முதிர்ந்து வெளிற ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நீவுவது இழுவையைக் குறைக்கும், பயிற்சி அடியில் இருக்கும் தசையைக் கெட்டியாக்கும், ஆனால் மிஞ்சிப்போன தோலை எந்தப் பயிற்சியும் கரைக்காது. அது மிகவும் தொந்தரவாக இருந்தால் அறுவைச் சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதை இனி குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகு, எடை நிலைத்த பிறகு யோசிப்பது நல்லது. செய்துகொள்ளாமல் இருப்பதிலும் குறை ஒன்றும் இல்லை. மடிப்புக்குள் ஈரம் தங்காமல் துடைத்து உலரவிடுங்கள், பூஞ்சைத் தொற்று அங்கே சுலபமாக வரும்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் மருத்துவரிடம் போங்கள். இருமும்போதோ நிற்கும்போதோ தழும்பின் அருகே புடைத்து, படுத்தால் உள்ளே போகிற கட்டி குடலிறக்கமாக இருக்கலாம். மாதவிடாய் நாட்களில் மட்டும் தழும்பில் வலியோ வீக்கமோ வந்து வந்து போனால், கர்ப்பப்பையின் உள்வரித் திசு தழும்பில் தங்கி வளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அரிதானது, ஆனால் பல வருடம் "வெறும் தழும்பு வலி" என்று தள்ளிப்போடப்படுவது.

கேள்வி: வயிற்றுக்குப் பெல்ட் போட்டால் தொப்பை உள்ளே போகுமா?

போகாது. முதல் சில நாட்களில் எழுந்து நடக்கும்போதும் இருமும்போதும் பெல்ட் தாங்கிப் பிடிப்பதால் வலி குறைந்து தெம்பாக நடக்க முடிகிறது என்று பல பெண்கள் சொல்கிறார்கள், சில ஆய்வுகளும் அப்படியே சொல்கின்றன. அதற்காகப் போடுங்கள். இறுக்கிக் கட்டினால் வயிற்றின் அழுத்தம் கீழ்நோக்கிப் போய், கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியில் தாங்கும் இடுப்புத்தளத் தசையில் பாரம் ஏறும். மூச்சு தாராளமாக வர வேண்டும், தூங்கும்போது வேண்டாம். தசை செய்ய வேண்டிய வேலையைப் பெல்ட் மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தால் தசை எப்போது கற்றுக்கொள்ளும்?

கேள்வி: என் பிரச்சினை பயிற்சி இல்லை. கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. கணவர் நல்லவர்தான், ஆனால் அவர் கை வயிற்றில் பட்டாலே விலகிவிடுகிறேன். உறவினர் ஒருவர் "வலியே இல்லாமல் பெற்றுவிட்டாய்" என்றார். அன்றிலிருந்து, நான் சரியாகப் பிள்ளை பெறவில்லை என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது.

அந்த உறவினர் சொன்னது பொய். ஏழு அடுக்கோ ஐந்து அடுக்கோ, வயிற்றைத் திறக்கும் பெரிய அறுவைச் சிகிச்சை அது. அது முடிந்த சில மணி நேரத்தில் எழுந்து நடக்கச் சொல்லி, ஒரு பச்சைக் குழந்தையையும் கையில் கொடுத்து இரவெல்லாம் பால் கொடுக்கச் சொல்லும் அறுவைச் சிகிச்சை வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நீங்கள் பெற்றீர்கள். அதில் சரியாக, தவறாக என்று எதுவும் இல்லை.

உடம்பைப் பிடிக்காமல் போவதற்குத் தொப்பை மட்டும் காரணமாக இருப்பதில்லை. திட்டமிடாத அவசர சிசேரியன் என்றால், நமக்கு நடந்ததில் நமக்கு ஒரு பிடியும் இல்லாமல் போன உணர்வு வயிற்றில் தங்கிவிடுகிறது. முடிந்தால் உங்கள் மருத்துவரிடம் நேரம் கேட்டு, ஏன் சிசேரியன் ஆயிற்று, என்ன நடந்தது என்று வரிசையாகக் கேளுங்கள். விவரம் தெரிந்த பிறகு குற்றவுணர்ச்சி இறங்கியதாகச் சொன்ன பெண்கள் பலர்.

உங்களையே நேசியுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னவுடன் வருவதா அது? இந்த உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்பது அதைவிடச் சுலபம். போன மாதம் பக்கவாட்டில் உருண்டுதான் எழ முடிந்தது, இந்த மாதம் நேராக எழுகிறேன். குழந்தையோடு மாடி ஏறுகிறேன், வலிக்கவில்லை. இப்படிப் பாருங்கள். பயிற்சி செய்யும் பெண்கள் அளவு மாறுவதற்கு முன்பே "என் வயிறு திரும்ப என்னுடையதாக இருக்கிறது" என்று சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அப்புறம், பழைய உடைகளை அலமாரியின் கண்ணில் படும் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இன்றைய உடம்புக்குப் பொருந்தும் இரண்டு மூன்று நல்ல உடைகள் வாங்கிக்கொள்வது வீண்செலவு இல்லை. தினம் காலையில் பட்டன் போட முடியாமல் தோற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "வயிற்றில் கை வேண்டாம், தோளில் வை" என்பது ஒரு முழுமையான வாக்கியம், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நீங்கள் விலகுவதை அவர் தன்னைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பு வறண்டு, சிசேரியன் ஆனவர்களுக்கும் உறவு வலிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் வழுக்கு ஜெல் பெரும்பாலும் போதும், போதவில்லை என்றால் மருத்துவரிடம் சொன்னால் வழி இருக்கிறது. ஆறு வாரம் முடிந்தால் தயாராகிவிட வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டிருந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது, மருத்துவரிடம் அதைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள், பேசத் தொடங்குவதற்கு அது சுலபமான வழி. உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் எட்டிப் பார்த்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே, அந்த நேரத்திலேயே ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: தும்மினால் சிறுநீர் கசிகிறது. எனக்குச் சிசேரியன்தானே, அப்புறம் ஏன்?

ஒன்பது மாதம் பாரம் தாங்கியது இடுப்புத்தளத் தசைதான், குழந்தை எந்த வழியாக வந்தாலும். சிசேரியனில் இந்தச் சிக்கல் வருவது குறைவு, வராமலே இருக்காது. ஆசனவாயில் வாயுவை அடக்குவது போலத் தொடங்கி முன்னோக்கி இறுக்கி உள்ளே தூக்குங்கள், ஆறேழு நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. எட்டு முதல் பன்னிரண்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன்பு இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். மூன்று மாதத்தில் மாற்றம் இல்லையென்றாலோ, கீழே ஏதோ இறங்குவது போல இருந்தாலோ, நேரில் காட்ட வேண்டும்.

கேள்வி: ஓடுவதும் ஜிம்மில் எடை தூக்குவதும் என் வழக்கம். எப்போது திரும்பலாம்? பால் குறைந்துவிடுமோ?

பால் குறையாது, மிதமான உடற்பயிற்சியால் பாலின் அளவோ தரமோ கெடுவதில்லை. கடுமையான பட்டினிதான் கெடுக்கும். பால் கொடுக்கும் உடம்புக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பால் கொடுத்துவிட்டு, மார்பை நன்றாகத் தாங்கும் உள்ளாடையோடு போனால் சிரமம் தெரியாது.

நடை முதல் வாரத்திலிருந்தே, சிறுகச் சிறுக. முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமானதைத் தூக்காமல் இருங்கள். மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு லேசான எடைகள், தூக்கும்போது மூச்சை விட்டபடி. ஓட்டம் மூன்று மாதத்துக்கு முன்பு வேண்டாம் என்பதுதான் இந்தத் துறையில் 2019-இல் வந்த வழிகாட்டுதல், சிசேரியனுக்கு அதற்கு மேலும் ஆகலாம். நாட்காட்டியை மட்டும் நம்பாமல் சோதித்துப் பாருங்கள்: அரைமணி நேர வேக நடை, ஒற்றைக் காலில் நிற்பது, அதே இடத்தில் துள்ளுவது. வலி, கசிவு, கீழே பாரம், கூம்பு, எதுவும் இல்லையென்றால் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து தொடங்கலாம்.

கேள்வி: என் மனைவிக்கு ஐந்து வாரம் ஆகிறது. முதுகில் போட்ட ஊசியால்தான் இடுப்புவலி என்கிறாள். நான் என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதற்கே நன்றி. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும், மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்புவலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஊசி போடாமல் பிரசவித்தவர்களுக்கும் அந்த வலி வருகிறது. தளர்ந்த வயிறு, குனிந்தபடி பால் கொடுப்பது, தூக்கமின்மை, இவைதான் பெரும்பாலும். பால் கொடுக்கும்போது முதுகுக்கும் கைக்கும் தலையணை வைத்து, குழந்தையை அவர் மார்பு உயரத்துக்கு ஏற்றிக்கொடுங்கள். குழந்தையைப் படுக்கையிலிருந்து தூக்கிக் கொடுப்பது, தண்ணீர் வாளி, துணிக்கூடை, எல்லாம் உங்கள் வேலை. தினம் அரைமணி நேரம் குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டால் அவர் பயிற்சி செய்வார், அந்த நேரம் கிடைக்காததால்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். காயத்தில் சிவப்பு, சீழ், காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவு உதிரப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. இனிமேல் ஆரம்பித்து ஏதாவது பயன் உண்டா?

உண்டு. தசைக்கு வயதுவரம்பு கிடையாது, தழும்பும் நீவினால் இளகும். ஏழு வருடம் ஆனதால் சவ்வு ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அது உங்களுக்கு லாபம். முதலில் மேலே சொன்னபடி இடைவெளியையும், தழும்பருகே புடைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். புடைப்பு இருந்தால் மருத்துவர், இல்லையென்றால் நான்கு மாதக்காரருக்குச் சொன்ன அதே மூச்சுப் பயிற்சியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியிலும் ஒன்றிரண்டு வாரம் இருந்து மேலே போங்கள், முதல் மூன்று மாதம் இஞ்ச் டேப்பை எடுக்காதீர்கள்.